நிறமில்லாத தண்ணீர்

தங்கையின் கணவர் அந்தப் பழைய காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தும்போதே மெக்கானிக்குக்குச் சத்தம் சரியாகப் படவில்லை. தையல் மெஷின் மாதிரி ஓடுகிற இன்ஜின் அது. அன்றைக்குத் தொண்டையில் சளி கட்டியவன் பேசுவதுபோல் கரகரத்தது.

“மச்சான், ஆயில் லைட் விட்டு விட்டு எரியுது. என்னன்னு பாருங்க. ஸ்கூல் விடுறதுக்குள்ள முடிச்சிடலாம்ல?”

“முதல்ல முழுசா இறங்குங்க மாப்பிள்ளை. பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே கல்யாணத்துக்குத் தேதி கேக்குறீங்க.”

மெக்கானிக் பானட்டைத் தூக்கிவிட்டு வழக்கம்போல் குனிந்து முகர்ந்தார். இந்தப் பழக்கத்தால் தெருவில் அவருக்கு மோப்பம் என்று பெயர். நேருக்கு நேர் யாரும் சொல்வதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். கூலன்ட் கசிந்து சூட்டில் வெந்தால் ஒரு தித்திப்பு வாடை வரும். அது இல்லை. ஆயில் மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்க வெளிறிய பழுப்பு நுரை, ஏடு படிந்த மாதிரி அப்பிக்கிடந்தது. அளவுக் கம்பியை உருவினார். கறுப்பாக ஒட்டியிருக்க வேண்டிய ஆயில், பால் கூடிப்போன டீயின் நிறத்தில் வழிந்தது. கோட்டுக்கு மேலே வேறு ஏறி நின்றது.

“தண்ணி கலந்திருக்கு” என்றார். “ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இன்னைக்கு உங்க பிள்ளைங்கள வேற யாராவதுதான் கூட்டிட்டு வரணும்.”

மாப்பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. அவரை அந்த வட்டாரத்தில் பெரியவர்கள்கூட வண்டி மாமா என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் வைத்த பெயர். காலையில் வீட்டுக்கு வீடு நின்று ஹாரனை இரண்டு தரம் அடித்து, ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்தமாகப் பிள்ளை இல்லாத மனிதர். பின்சீட்டில் சிந்திக்கிடக்கும் பிஸ்கட் தூளைத் தட்டும்போதுகூட முணுமுணுக்க மாட்டார்.

அவரை அனுப்பிவிட்டு மெக்கானிக் வேலையில் இறங்கினார். இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீரும் ஆயிலும் அடுத்தடுத்த பாதைகளில் ஓடுகிறவை. நடுவில் இருக்கும் கேஸ்கெட் கிழிந்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். பழைய வண்டிகளுக்கு வருகிற நோய்தான். ஆனால் அப்படி ஆகியிருந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் கழுத்துவரை பச்சையாக நிறைந்து நின்றது. மேலே எண்ணெய்ப் படலம் இல்லை. மூடியைத் திறந்துவைத்தே இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தார். குமிழி ஒன்றுகூட எழவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். எல்லாம் ஒரே பிஸ்கட் நிறம், எதுவும் தண்ணீர் பட்டுக் கழுவின மாதிரி இல்லை. கடைசியாக ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றை அழுத்தினார். முள் ஏறின இடத்திலேயே நின்றது. அவர் டீ குடித்துவிட்டு வந்தும் அங்கேயே நின்றது.

உடம்பெல்லாம் சோதித்துப் பார்த்து நோயே இல்லை என்று சொல்வது போலிருந்தது. ஆனால் ஆயிலில் தண்ணீர் கண்ணுக்கு நேரே இருக்கிறதே.

அடியில் படுத்து ஆயில் தொட்டியின் போல்ட்டைத் தளர்த்தினார். முதலில் தண்ணீர்தான் வந்தது. அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்தார். மத்தியானம் பார்த்தபோது எண்ணெய் மேலே ஏறி, தண்ணீர் அடியில் தங்கியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரேடியேட்டரிலிருந்து வந்திருந்தால் பச்சை தெரிந்திருக்கும். இது நிறமே இல்லாத தண்ணீர்.

மாப்பிள்ளை திரும்பி வந்தபோது மெக்கானிக்குக்கு, முடிச்சை அவிழ்த்துவிட்ட சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

“வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல மாப்பிள்ளை. இது வெளித் தண்ணி. யாரோ மூடியத் திறந்து ஊத்தியிருக்காங்க.”

“ஊத்தியிருக்காங்களா?”

“பானட் கொக்கிதான் தேஞ்சு கிடக்கே. வெளியிலேர்ந்தே கைய விட்டுத் தூக்கிடலாம்.”

மாப்பிள்ளை பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “சுருட்டை” என்றார். வேறெதுவும் சொல்லாமல் வெளியே நடந்தார்.

சுருட்டை இன்னொரு பள்ளி வேன்காரர். மத்தியான நேரத்தில் பள்ளி வாசலில் இவர் காருக்குப் பக்கத்தில்தான் அவர் வேன் நிற்கும். “உங்க பாதையில ரெண்டு பிள்ளைங்கள எனக்கு விட்டுக் குடுங்களேன்” என்று ஒருதரம் கேட்டிருந்தார். அதோடு சரி. ஆனால் சந்தேகம் பிடிக்க அவ்வளவு போதும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்த சமயம், வண்டி மாமா சுருட்டையை வேனிலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து அடித்தார். சுருட்டைக்கு உதடு கிழிந்து முன்பல் ஒன்று போனது. ஏன் அடி விழுகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு “என்னண்ணே, என்னண்ணே” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாராம். பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

மறுநாள் காலை தங்கை பட்டறைக்கு வந்தாள். வருகிறவள் இல்லை. கிரீஸ் படாத இடமாகத் தேடாமல், கிடந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

“அண்ணே, அந்தத் தண்ணிய நான்தான் ஊத்தினேன்.”

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“ஆயில்ல தண்ணி கலந்தா வண்டி படுத்துடும்னு நீதான் ஒருதரம் சொன்ன. அதான். காய்ச்சி ஆறவச்ச தண்ணிதான். அழுக்குத் தண்ணி ஊத்தினா ரொம்பக் கெட்டுப்போயிடுமோன்னு...”

வேறு ஒரு நாளாக இருந்தால் மெக்கானிக் சிரித்திருப்பார். “உனக்கென்ன பைத்தியமா? ஏன்?” என்றார்.

அவள் சொன்னாள். கொஞ்ச காலமாகவே அவள் புருஷனுக்கு நடுநடுவே நினைவு அறுந்துபோகிறது. விழுவதில்லை, கண் மூடுவதில்லை. உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்தபடியே இருப்பார். வாயில் ஒன்றும் இல்லாமலே எதையோ மெல்லுவார், விரல்கள் சட்டைப் பொத்தானைப் பிய்க்கும். கூப்பிட்டால் கேட்காது. பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். நடுவில் ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. முதல்முறை சாப்பிடும்போது வந்தது. அப்புறம் ஒருநாள் அவளை முன்சீட்டில் வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கைத் தாண்டி நாலு பக்கமும் வண்டிகள் கத்தக் கத்த நேரே போனார். அவள் அலறினாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், “ஏன் இப்படிக் கத்துற? காது போகுது” என்றார்.

“டாக்டர்கிட்ட போனோம்ணே. மூளையில வர்ற வலிப்புல இது ஒரு வகைன்னாரு. மாத்திரை குடுத்து, ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னு கண்டிச்சுச் சொன்னாரு. இவரு தலைய ஆட்டிட்டு வந்தாரு. மாத்திரை போட்டா தூக்கம் வருது, வண்டி ஓட்ட முடியலைன்னு மாத்திரைய விட்டுட்டாரு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ என்ன பண்ணுவ? அவர்கிட்டயே போய்க் கேப்ப. அவரு இல்லம்பாரு. நீ நம்பிட்டு வந்துடுவ.”

மெக்கானிக் அப்படித்தான் செய்திருப்பார். கேட்டிருப்பார், நம்பியிருப்பார். இருபது வருஷமாக மாப்பிள்ளை அவரிடம் ஒரு வார்த்தை மாற்றிப் பேசியதில்லை.

“இப்ப அந்தச் சுருட்டை பல்லு போயி வாய் வீங்கிக் கிடக்காரு. நான் செஞ்சதுக்கு” என்றாள் தங்கை. பிறகுதான் அழுதாள்.

தங்கை பொய் சொல்ல மாட்டாள். ஆனாலும் மெக்கானிக்குக்குத் தன் கண்ணால் பார்க்காத வரைக்கும் எந்தப் பழுதும் பழுதில்லை. ஆயிலை மாற்றி, இரண்டு தரம் அலசி, வண்டியைக் கொடுத்தார். “இன்ஜின் சத்தம் எப்படி இருக்குன்னு கொஞ்ச நாள் கூட உக்காந்து கேக்கணும்” என்று சொல்லிக் காலையில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். மச்சான் துணைக்கு வருகிறார் என்று வழிநெடுகப் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் நடக்கவில்லை. மாப்பிள்ளை ஓட்டுவதைப் பார்த்தால், கண்ணாடிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் மாதிரி அவ்வளவு பதவிசு. தங்கைதான் எதையோ பெரிதாக்கிக்கொண்டாளோ என்றுகூட மெக்கானிக்குக்குத் தோன்றியது.

பிறகு ஒருநாள் காலையில் அது நடந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் ஒரு பென்சில் டப்பாவுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். “மாமா, இவனப் பாருங்க மாமா” என்று ஒருத்தி புகார் சொன்னாள். பதில் வரவில்லை. மெக்கானிக் திரும்பினார். மாப்பிள்ளையின் தாடை மெதுவாக அசைந்தது. இடது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைத் தேடிப் பிடித்துப் பிசைந்தது. கண்கள் திறந்துதான் இருந்தன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஆள் இல்லை. சாலை இடப்பக்கம் வளைந்தது. கார் வளையவில்லை.

மெக்கானிக் ஒரு கையால் ஸ்டியரிங்கை இழுத்து, மறுகையால் ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினார். கார் ஆடி அலைந்து, நடைபாதையில் ஒரு சக்கரம் ஏறி, பெட்டிக்கடையின் பலகைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பிள்ளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து ஓவென்று சிரித்தார்கள். “மாமா, இன்னொருதரம், மாமா!”

மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஆள் திரும்பி வந்தது. “என்ன மச்சான், ஏன் பிரேக்கப் பிடிச்சீங்க?”

“நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு” என்றார் மெக்கானிக். பிள்ளைகள் முன்னால் வேறென்ன சொல்வது. அவர் வார்த்தைக்கு வார்த்தை பேச்சுக் கொடுத்துக்கொண்டே, ஹேண்ட் பிரேக்கின் பக்கம் உடம்பைச் சாய்த்தபடி பள்ளி வரைக்கும் போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கே அவர் ஒரு பொய் சொன்னார். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடியதால் பேரிங் தேய்ந்துவிட்டது, சத்தம் கேட்கிறது, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இல்லாத பழுதை இருப்பதாக யாரிடமும் சொன்னதில்லை. இறக்கிப் பார்த்தபோது பேரிங்குகள் பளபளவென்று நன்றாகவே இருந்தன. அவற்றைத் துணியில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். “பழைய மாடல் மாப்பிள்ளை. சாமான் எங்கயும் கிடைக்கல. சொல்லி வச்சிருக்கேன்” என்று நாளைக் கடத்தினார். அந்த இடைவெளியில் டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போகலாம், மாத்திரைக்கு உடம்பு பழகட்டும் என்று அண்ணனும் தங்கையும் பேசிவைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். காலையில் எழுந்து குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் நிற்பார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? ஒவ்வொருவராகச் சுருட்டையின் வேனுக்கு மாறினார்கள். பல் போன வாயோடு சுருட்டை இவர் வீட்டு வழியாகவே அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதை வண்டி மாமா வாசலில் நின்று பார்த்தார்.

ஒரு மத்தியானம் அவர் பட்டறைக்கு வந்து, கையிலிருந்த சின்ன அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். உள்ளே புதுப் பேரிங்.

“முதல் கடையிலயே இருந்துச்சு மச்சான். கேட்ட உடனே எடுத்துக் குடுத்தான்.”

மெக்கானிக் பெட்டியை எடுத்து மூடினார்.

“அவன்கூடச் சேந்துக்கிட்டீங்களா? அந்தச் சுருட்டைகூட? அன்னைக்குப் பல்லோட விட்டேன். இப்பப் போயி அவன...”

“அவன் ஊத்தல மாப்பிள்ளை!” மெக்கானிக் கத்திவிட்டார். “உங்க வீட்டுலதான் ஊத்தியிருக்கு. என் தங்கச்சிதான்.”

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அன்றைக்குச் சுருட்டையின் உயிர் போயிருக்கும். மற்றதையும் சொன்னார். நாய் குறுக்கே வரவில்லை என்பதையும், என்ன பார்த்தார் என்பதையும். மாப்பிள்ளை அசையாமல் கேட்டார். முடிந்ததும், “எனக்கு ஒண்ணும் தெரியலையே மச்சான். எனக்கு நடக்குறது எனக்குத் தெரியாமப் போகுமா?” என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார். “அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கிட்டு ஒரு ஆளப் பைத்தியக்காரனாக்குறீங்க.”

அன்று மாலையே ஒரு வண்டியைக் கொண்டுவந்து, பிரித்துப்போட்ட இன்ஜினோடு காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார். மெக்கானிக் துணியில் சுற்றியிருந்த பேரிங்குகளை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை அவற்றைத் தொடவில்லை. வீட்டில் மனைவியோடு பேசுவதையும் அன்றோடு நிறுத்தினார். அவள் வைத்த தட்டில் சாப்பிடுவதில்லை. தண்ணீர்கூடத் தானே மொண்டு குடித்தார்.

கார் தயாராகிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பிள்ளைகளின் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். கூடவே மெக்கானிக்கும் போனார். அவள் எதையும் மறைக்கவில்லை. “அவருக்கு உடம்பு சரியில்ல. நினைவு தப்புது. ஹாரன் அடிச்சாலும் பிள்ளைங்கள அனுப்பாதீங்க” என்றாள். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில், “இத்தன நாள் தெரிஞ்சேவா எங்க பிள்ளைய ஏத்தினீங்க?” என்று கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்து நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். புருஷனின் பெயரைத் தன் வாயாலேயே தெருத் தெருவாக அழித்துவிட்டு வந்த களைப்பில், வீட்டுக்கு வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை வண்டி மாமா காரைத் துடைத்து, வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினார். தங்கை முன்னால் போய் நின்றாள். அவர் ஒன்றும் பேசாமல் பின்பக்கமாக எடுத்து, வளைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். மெக்கானிக் ஸ்கூட்டரில் தேடிக்கொண்டு போனார்.

வழியில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. முதல் வீட்டில் கார் நின்று, ஹாரன் இரண்டு தரம் அடித்திருக்கிறது. கதவு திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கார் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கேயும் இரண்டு தரம். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை கையாட்டியதாம், அம்மா உள்ளே இழுத்துக்கொண்டாளாம். அப்படியே எல்லா வீட்டு வாசலிலும் நின்று, யாரும் ஏறாத காரை ஓட்டிக்கொண்டு, பள்ளிக்குப் போகிற சாலையில் திரும்பியிருக்கிறார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில் மெக்கானிக் கூட்டத்தைப் பார்த்தார். கார் மதில்மேல் நேராகப் போய் மோதியிருந்தது. முன்பக்கம் பாதியாகச் சுருங்கி, ரேடியேட்டர் பிளந்து, கூலன்ட் பச்சையாகச் சாலையில் ஓடியிருந்தது. சக்கரம் தேய்ந்த தடம் எதுவும் தரையில் இல்லை. மாப்பிள்ளையை அதற்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

உயிர் பிழைத்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. கண் விழித்துப் பேச்சு வந்ததும், விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம் அவர் சொன்னது இதுதான்: “பிரேக் பிடிக்கல. என் வீட்டுக்காரி ஏற்கெனவே ஒருதரம் வண்டியில கை வச்சிருக்கா. அவளக் கேளுங்க.”

போலீஸ்காரர் கேட்டார். தண்ணீர் ஊற்றினாயா என்றதும் தங்கை ஆமாம் என்றாள். பிரேக்கில் கை வைத்தாயா என்றதற்கு இல்லை என்றாள். முதல் பதிலைக் கேட்டவர் இரண்டாவதை நம்புவாரா? அவளை ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மெக்கானிக், “நான் அவளுக்கு அண்ணன். நான் வண்டியப் பாத்துச் சொன்னா நிக்காது. வேற ஆள வச்சுப் பாருங்க” என்றார். வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி ஒருவர் வந்தார். இன்ஜினைப் பூட்டிக் கொடுத்த அந்த இன்னொரு பட்டறைக்காரரும் வந்தார். மெக்கானிக் தள்ளி நின்று பார்த்தார்.

பிரேக் ஆயில் நிறைந்திருந்தது. குழாய்கள் முழுசாக இருந்தன. மிதித்தால் பெடல் கல் மாதிரி நின்றது. ஸ்டியரிங் கம்பிகள் மோதிய பக்கம் வளைந்திருந்தனவே தவிர, எதுவும் கழன்றிருக்கவில்லை. அதிகாரி இன்ஜின் ஆயிலைக் கம்பியில் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். புது ஆயில், தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. “வண்டி மேல ஒரு தப்பும் இல்ல” என்றார். மெக்கானிக் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடு போயிருக்கிறார்கள். அன்றைக்கு அதைக் கேட்டதும் அவர் நசுங்கிய முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கையை விட்டுவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை மசியவில்லை. “அவளோட அண்ணன்தானே நீங்க. எல்லாரையும் பேசி வச்சிருப்பீங்க” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டு மாற்றவும், வாய் துடைக்கவும், கழிக்கும் தட்டை எடுக்கவும் அவள்தான் இருந்தாள். அவர் அவளை நர்ஸைப் பார்ப்பதுபோல்கூடப் பார்ப்பதில்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சுருட்டை வந்தார். கையில் ஒன்றுமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பல் போன இடத்தில் காற்று புகுந்து பேச்சு கொஞ்சம் சீறியது.

“அண்ணே, நான் உங்களப் பாக்க வரணும்னு வரல. எனக்கு உங்க மேல இன்னும் கோவம் இருக்கு. ஆனா நான் பாத்தத நான்தான் சொல்லணும். அன்னைக்கு எதிர்ல வந்தது என் வேன்தான். பாதிப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு, மீதிப் பேர ஏத்த வந்துக்கிட்டிருந்தேன். உங்க கார் கோட்டத் தாண்டி என் பக்கம் வந்துச்சு. நான் ஒடிச்சுத் திருப்பினேன். உரசிட்டுப் போற தூரத்துல உங்க மூஞ்சியப் பாத்தேன். கண்ணு திறந்திருக்கு. வாய் எதையோ மென்னுக்கிட்டிருக்கு. நான் ஹாரன் அடிக்கிறேன், பிள்ளைங்க கத்துறாங்க, நீங்க பாக்கவே இல்ல. ஒரு கை நெஞ்சுல சட்டையப் பிடிச்சிருந்துச்சு.”

மாப்பிள்ளை சுவர்ப் பக்கமிருந்து தலையைத் திருப்பினார்.

“எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. உங்களுக்கு என்ன வியாதின்னுகூட எனக்குத் தெரியாது.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மெக்கானிக் வாசல் வரைக்கும் கூடப் போனார். மன்னிப்புக் கேட்க நினைத்தார், என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் அவர் தோளைத் தொட்டார். சுருட்டை தோளை மெல்ல விலக்கிக்கொண்டு படி இறங்கினார்.

அன்று முழுக்க மாப்பிள்ளை விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். சாயங்காலம், மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தங்கை தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது அவர் பேசினார். அவளோடு பேசி வெகுநாளாகியிருந்தது.

“அவன் வேன்ல இருந்தது எந்தப் பிள்ளைங்க?”

“நம்ம பிள்ளைங்கதாங்க.”

அவர் மூச்சு ஏறி இறங்கியது. “யாருக்கும் அடி...?”

“ஒருத்தருக்கும் இல்ல.”

“நம்ம வண்டியில? நான் எல்லா வீட்டுலயும் நின்னேனே. ஹாரன் அடிச்சேனே. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல. பின்னாடி சீட்டுல யாராவது...”

“யாரும் ஏறலைங்க. யாரும் இல்ல.”

“மச்சான், நீங்க பாத்தீங்களா? சீட்டுக்கு அடியில?”

“பாத்தேன் மாப்பிள்ளை. கதவத் திறந்து நானே பாத்தேன். காலியா இருந்துச்சு.”

அவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்து மெக்கானிக் எழுந்தார். அதற்குள் போர்வைக்கு வெளியே வந்த கை தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தது. “பின்னாடி யாரும் இல்லல்ல?” என்று அவர் மறுபடியும் கேட்டார்.

தங்கை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள்.

“முனை வீட்டு ரெட்டைப் பிள்ளைங்க வீட்டுல இருக்காங்க. நேத்துகூடப் பாத்தேன், சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. அதுக்கடுத்து மாடி வீட்டுப் பொண்ணு, அவளும் நல்லா இருக்கா...”